உறைபெட்டிக்குள் பேச்சுச் சத்தம்

ஆராய்ச்சிக்கூடத்து உறைபெட்டியில் இருந்த ரத்தக் குப்பிகளில் சில ஒரு செவ்வாய்க்கிழமை காலை பேசத் தொடங்கின. முதலில் கேட்டவர் ஆய்வாளர். சினைப்பைப் புற்றுநோயை முளையிலேயே காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை ஒன்றைத் தேடிப் பல வருடமாக அங்கே உழைத்துக்கொண்டிருந்தவர். அது ஊமை நோய். வயிறு கொஞ்சம் உப்பும், நாலு வாய் உண்டதும் போதும் என்றிருக்கும், வாயு என்று சொல்லி வெந்நீர் குடிப்பார்கள்; ஸ்கேனில் தெரியும்போது பெரும்பாலும் பரவியிருக்கும். ஆகவே அந்த ஆய்வுக்கான ரத்தம் வாய் திறந்தபோது அவருக்கு ஆச்சரியத்தைவிட, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்ற எரிச்சல்தான் வந்தது. குப்பிகள் பெரிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. ஒன்று மருமகனைத் திட்டியது, ஒன்று கதவைச் சாத்தச் சொன்னது. ஒவ்வொன்றும் அந்தந்த ரத்தத்துக்குரிய பெண்ணின் குரலில் பேசியது.

மெக்கானிக் வந்து பார்த்து, கம்ப்ரஸரில் கோளாறில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் தொகுதி முடிந்து பெயர்களைத் திறந்து பார்த்தபோது, பேசியவை எல்லாம் நோயாளிகளுடையவை, பேசாதவை நல்ல உடம்புக்காரிகளுடையவை. கூடமே கொண்டாடியது. தலையில் கைவைத்து உட்கார்ந்தவர் புள்ளியியலாளர் ஒருவர்தான். எந்தக் குப்பி யாருடையது என்று ஆய்வு முடியும்வரை அங்கே ஒருவருக்கும் தெரியக் கூடாது. குப்பியில் எண் மட்டும்தான் இருக்கும். குப்பியே குரலைக் காட்டினால் அந்த விதி என்னாவது? குழு கூடி, நிறைய டீ குடித்து, எல்லோரும் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது என்றும், கேட்டுச் சொல்வதற்கு யார் குரலும் தெரியாத வெளியூர்க்காரர் ஒருவரை அமர்த்துவது என்றும் முடிவு செய்தது. பஞ்சோடு வேலை நன்றாகவே நடந்தது. சம்பள உயர்வுச் செய்தி மட்டும் ஒரு வாரம் யார் காதிலும் விழவில்லை.

இரண்டாம் தொகுதியின் நல்ல உடம்புக்காரிகளில் ஆய்வாளரின் நாத்தனாரும் ஒருவர். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். தம்பி மனைவி கெஞ்சினாளே என்று போனால் போகிறதென ரத்தம் கொடுத்தவர். ஒருநாள் உறைபெட்டியிலிருந்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று கணீரென ஒரு குரல் எழுந்தது. அதன் முன் பஞ்சு எம்மாத்திரம்? வெளியூர்க்காரரும் ரயிலில்தானே வந்து இறங்கியிருந்தார். "இது ஸ்டேஷன் அம்மா இல்ல?" என்றார்.

ஆய்வாளர் புள்ளியியலாளரிடம் ஓடினார். வெளியே சொன்னால் விதி உடையும். சொல்லாவிட்டால் நாத்தனாரின் உயிர் போய்விடும். புள்ளியியலாளர் தன் காதுப் பஞ்சை இன்னும் ஆழமாக அழுத்திக்கொண்டார். "மேடம், நான் ஒண்ணும் கேக்கல. நீங்க வீட்டுக்குப் போங்க."

ஆய்வாளர் வீட்டில் போய்ச் சொன்னதை நாத்தனார் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இத்தனை வருஷமா என் வாயை அடைக்கப் பாத்த, முடியல. இப்ப ஆளையே படுக்கப் போடப் பாக்குறியா?"

"அண்ணி, விளையாடாதீங்க. ஸ்கேனாவது எடுங்க."

எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. அறுவை மருத்துவர், இந்த நோய் பல சமயம் கருக்குழாயில்தான் ஆரம்பிக்கிறது, அவர் சம்மதித்தால் எடுத்துப் பார்க்கலாம், குரலை மட்டும் நம்பித் தானாகக் கத்தி வைக்க முடியாது என்றார். நாத்தனாரோ அந்தக் குப்பியை நாலு கேள்வி கேட்கப் புறப்பட்டு வந்தார். ஊரில் அவரிடம் வாதாடி ஜெயித்தவர் கிடையாது. ஆனால் எதிரில் இருந்ததும் அவரேதான். மதியம் முழுக்கச் சண்டை நடந்தது. கூடமே வேலையை விட்டுவிட்டுப் பஞ்சைக் கழற்றிக் கேட்டது. கடைசியில் குப்பி, "ரெண்டு மாசமா பாதிச் சாப்பாட்டை மிச்சம் வெச்சுட்டு கேன்டீன்காரன் மேல பழி போடுறியே, யாரை ஏமாத்துற?" என்றது. நாத்தனார் உறைபெட்டிக் கதவைச் சாத்தினார். பிறகு ஆய்வாளர் பக்கம் திரும்பி, "எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு" என்றார்.

கருக்குழாயின் நுனியில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு புள்ளி இருந்தது. அது வேறெங்கும் போகவில்லை. எடுத்துவிட்டார்கள்.

அந்தக் குப்பியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டே ஆய்வை வெளியிட்டார்கள். சில வருடங்களில் எல்லா மருத்துவமனைகளிலும், குப்பிகளின் பேச்சு கேட்க வேண்டுமென்று, ரத்தப் பரிசோதனை அறையில் ரேடியோ வைப்பது நின்றுபோனது. புது மருந்து வேலை செய்கிறதா என்பதையும் குரலை வைத்தே பார்த்தார்கள்: திட்டிக்கொண்டிருந்தது முணுமுணுக்கும், பிறகு கொட்டாவி விடும், பிறகு அடங்கும். தாமதமாக வந்தவர்களில்கூடப் பலருக்கு அடங்கியது. மருத்துவ மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினார்கள்.

நாத்தனார் இன்றும் குறித்த நாளில் வந்து ரத்தம் கொடுக்கிறார். உறைபெட்டியில் வைத்து எடுத்த குப்பியைக் காதருகில் பிடித்துக் குலுக்கிப் பார்க்கிறார், அதட்டிப் பார்க்கிறார். "என் ரத்தமா இது? மரியாதைக்காவது ஒரு வார்த்தை பேசுதா பாரு," என்று கோபித்துக்கொள்கிறார். ஆய்வாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குப்பியை அவரிடமிருந்து வாங்கி, பேசாதவற்றின் வரிசையில் வைக்கிறார்.