சட்டைப் பையில் வந்த வெல்லம்

"வெல்லம் எதில சுத்தி வரும்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"சுத்தியெல்லாம் வராது. சட்டைப் பாக்கெட்டுல போட்டுகினு வருவாரு," என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். பேனாவை மூடி வைத்துவிட்டு என் கையை நீட்டச் சொன்னார். என் ரத்தத்தையும் எடுக்க வேண்டுமாம். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அது. உள்ளே கட்டிலில் என் கணவர் எட்வர்ட் கிடந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். ஷிஃப்ட் முடிந்ததும் ஆளுக்கு ஒரு கட்டி வெல்லமும் ஒரு வாழைப்பழமும் கொடுப்பார்கள். உள்ளே போன தூசியை வெல்லம் வெளியே தள்ளிவிடும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். அவர் பழத்தை மட்டும் தின்பார். வெல்லம் எனக்கு. கடுங்காப்பியோடு கடித்துக்கொள்ளப் பிடிக்கும் என்று கல்யாணமான புதிதில் ஒருநாள் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான்.

கடைசி இரண்டு வருடம் அவர் வேறு ஆளாக இருந்தார். குழம்பில் உப்பு கூடினால் தட்டு பறக்கும். தூங்கமாட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சை மறப்பார். விட்ட இடத்தை எடுத்துக் கொடுத்தால் கையை ஓங்குவார். பாஸ்டர் வந்து பார்த்து அசுத்த ஆவி என்றார். மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து ஜெபித்தோம். நான்காவது வெள்ளிக்கிழமை எட்வர்ட் என்னைக் காதோடு சேர்த்து அறைந்தார்.

ஆனால் வெல்லம் ஒருநாளும் தவறியதில்லை. அறைந்த அன்றும் அதை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் படுத்தார். என் எட்வர்ட் உள்ளே இன்னும் இருக்கிறார் என்பதற்கு அந்தக் கட்டியைத்தான் நான் அத்தாட்சியாக வைத்திருந்தேன்.

அன்று நானும் ஒன்று சொன்னேன். "நீ செத்தாகூட கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி உடமாட்டேன்யா."

அடுத்த வாரம் வேலை செய்யும் இடத்திலேயே வலிப்பு வந்து விழுந்தார்.

ரத்தத்தில் ஈயம் ஏறிக்கிடக்கிறது, அது மூளைக்குப் போய்விட்டது என்றார் டாக்டரம்மா. கோபம், மறதி, தூக்கமின்மை எல்லாம் அதனால்தான். "அவர்மேல கோபப்படாதீங்கம்மா. அடிச்சது அவர் இல்ல, ஈயம்."

மருந்து ஏற ஏற, நான்காம் நாள் அவர் முகம் தெளிந்தது. பழைய கண்கள். சந்தோஷத்துக்குப் பதிலாக எனக்கு உடம்பு சில்லிட்டது. ஒரு பாட்டில் மருந்தில் ஆள் திரும்பி வந்துவிட முடியுமென்றால், ஆள் என்பது என்ன?

"இன்னாமே, கொரங்கப் பாக்கற மாதிரி பாக்கற?"

"நீதானான்னு பாக்கறேன்."

சிரித்தார். "பாஸ்டர் பேயின்னாரு. டாக்டரம்மா ஈயம்ன்றாங்கோ. என் பேரை ஒருத்தரும் சொல்ல மாட்டேன்றாங்களே."

"உனுக்கு நல்லதுதான? தப்பிச்சிக்கோ."

"தப்பிச்சிக்கினு எங்க போறது? அட்ச்சது பேயின்னா வெல்லம் கொண்டாந்தது யாரு? அதையும் தூக்கிப் பேய்க்கே குட்த்துடுவியா?" குழாய் செருகிய கையைத் தூக்கிப் பார்த்தார். "என் கைதான்மே. அட்ச்சது நான்தான். மன்னிச்சிக்கோ."

இதைச் சொல்வது அவரா, பாட்டிலா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதிலை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலை, நான் இட்லி வாங்கக் கீழே போயிருந்தபோது மறுபடி வலிப்பு வந்து, போய்விட்டார்.

அடக்கம் முடிந்து பதினோராம் நாள் என் ரிப்போர்ட்டை வாங்கப் போனேன். என் ரத்தத்திலும் ஈயம்.

"நான் ஊட்டோடதான இருக்கறேன் டாக்டரம்மா?"

"அவர் சட்டைத் தூசி. அதைத் துவைச்சது நீங்க. அதுக்கு மேல, அந்தச் சட்டைப் பையிலயே வந்த வெல்லம்."

அத்தாட்சி என்று நான் வைத்திருந்ததை அல்லவா தினமும் கடித்துத் தின்றிருக்கிறேன்! ஆசையாகக் கொண்டுவந்த அவருக்கும் தெரியாது.

"உங்களுக்கும் கோபம் அதிகமா வந்திருக்குமே?" என்றார்.

அவர் அறைந்த அன்று நான் சொன்னதைச் சொன்னேன். சொன்னபடியே, இதுவரை ஒரு சொட்டும் வரவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் என் தோளைத் தொட்டார். "அது நீங்க சொன்னது இல்லம்மா. உங்க மூளையில இருந்த ஈயம்."

எவ்வளவு லேசான வழி அது. தலையாட்டினால் போதும், நான் குற்றமில்லாதவள். ஆனால் அந்தச் சொல்லை ஈயத்தின் கணக்கில் தள்ளிவிட்டால், எட்வர்ட் கேட்ட மன்னிப்பை மருந்தின் கணக்கில் எழுத வேண்டிவரும்.

"இல்ல டாக்டரம்மா," என்றேன். "நான்தான் சொன்னேன்."

வீட்டில் வெல்லம் மிச்சமிருந்தால் பரிசோதனைக்கு வேண்டும் என்றார். மறுநாள் டப்பாவோடு போனேன். இரண்டு கட்டிகள் இருந்தன. பரிசோதனைக்கூடத்து ஜன்னலில் இருந்தவர் சீட்டில் 'வெல்லம்' என்று எழுதினார்.

"கொண்டாந்தவங்க பேரு?"

"எட்வர்ட்."

நிமிர்ந்து பார்த்தார். "உங்க பேரு கேக்கறேன்மா. கொண்டாந்தது யாரு?"

"எட்வர்ட்தான் கொண்டாந்தாரு. அப்டியே எழுதிக்கோங்க."

அவர் எழுதும்போது எனக்கு எழுத்து தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் மறைத்துக்கொண்டிருந்தது.