ஐந்தாவது கருவி

தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளறைக் கதவைத் தாழ் போட்டிருந்தாள். மடியில் தோழியிடம் இரவல் வாங்கிய மடிக்கணினி. திரையில் ஒரு இணையச் சேவை நிறுவனத்தின் மேலாளர் அம்மாள். வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார். போன வருஷம் இப்படி ஒரு வேலை கைக்கு வந்தபோது, அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் போனை எடுத்து, "அவளுக்கு இஷ்டமில்லைங்க" என்று சொல்லிக் கதையை முடித்துவிட்டான் புருஷன். இந்த முறை வேலை உறுதியாகும்வரை மூச்சுவிடுவதில்லை என்றிருந்தாள்.

கூடத்து டிவியில் கால்பந்து விக்கி விக்கி நின்றது.

"எவனோ நம்ம வைஃபையைத் திருடறான்டா." புருஷனின் குரல்.

"பொறுண்ணா, ரவுட்டர்ல பாத்துடறேன்." இது கொழுந்தன். காணாமல் போன செருப்புக்குக்கூட விசாரணை வைப்பவன் என்பதால் வீட்டில் அவனுக்கு சிஐடி என்று பெயர். "அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்... 'தெரியாத கருவி இணைந்திருந்தால் என்ன செய்வது?' ஆங், இதுதான்."

அவள் மடிக்கணினியின் ஒலியைக் குறைத்தாள். மேலாளரும் அதே நேரம் பார்த்துக் கேட்டார்:

"ஒரு வாடிக்கையாளர் கூப்பிடறார். வைஃபைல தெரியாத கருவி இருக்குங்கறார். முதல்ல என்ன சொல்வீங்க?"

இப்படியா வந்து மாட்டுவது! வெளியே சிஐடி எண்ணிக்கொண்டிருந்தான்.

"உன் போன், என் போன், அண்ணி போன், டிவி. நம்மளது நாலுதான். அஞ்சாவதா ஒண்ணு பேரே இல்லாம உக்காந்திருக்கு. அண்ணியை எழுப்பிக் கேப்போமா?"

"அவளுக்கு என்னடா தெரியும்? தடையைப் போடு."

"முதல்ல..." என்று வாயைத் திறந்தாள். மேலாளரின் முகம் பாதி மூடிய கண்களோடு உறைந்தது. சக்கரம் சுற்றத் தொடங்கியது.

போன் டேட்டாவில் பேசலாமென்றால் அவள் போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. உள்ளேயே இருந்தால் வேலை போச்சு. வெளியே போனால் குட்டு உடையும். தாழை நீக்கினாள்.

மடிக்கணினியைக் கூடத்து மேசையில் வைத்தாள். "அந்த அஞ்சாவது இதுதான். தடையை எடு."

"அண்ணி..."

"எடுடா."

சிஐடி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவளே கொழுந்தன் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தடையை நீக்கினாள். சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு மேலாளர் கண்ணைத் திறந்தார்.

"மன்னிக்கணும், இணைப்பு போயிடுச்சு," என்றாள். "முதல்ல வீட்ல இருக்கறவங்ககிட்ட கேக்கச் சொல்வேன். பாதிப் பேர் கேக்காமலே சொந்த வீட்டு ஆளைத்தான் தடுக்கறாங்க."

மேலாளர் சிரித்தார். "சரி. ராத்திரி ஷிப்டும் வரும். வீட்ல ஆட்சேபனை இருக்காதே?"

புருஷன் அவள் பின்னால் வந்து நின்றான். முகம் கடுகடுவென்றிருந்தது. ரவுட்டரின் சுவிட்ச் அவனுக்குக் கையெட்டும் தூரத்தில். அவள் மடிக்கணினியை அப்படியே அவன் பக்கம் திருப்பினாள்.

"இதோ நிக்கறார். நீங்களே கேட்டுக்கங்க மேடம்."

ஓட்டைப் பனியனோடு கேமராவில் மாட்டிக்கொண்ட அவன் மார்பின் குறுக்கே கையை வைத்தான். சிஐடி சுவரைப் பார்த்தான்.

"அதெல்லாம்... ஒண்ணும் இல்லீங்க."

"நன்றிங்க," என்றார் மேலாளர்.

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு நாற்காலியை இழுத்துப்போட்டாள். "டிவியை நிறுத்துங்க," என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "வீடியோ விக்குது."