நாலு வெள்ளைக் கோடுகள்

காலம் யாருக்கும் கட்டுப்படாது. கலைஞன் ஒருவனுக்கு முன்னால் மட்டும் கைகட்டி நிற்கும். ஷார்ஜா ரோலாவில், சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி ஹாலில், ஞாயிறு மத்தியானம் இப்படி அறிவித்த அருள்ராஜுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஆறு.

ஹாலை இரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும். அப்போதே ஒன்றரை. இருபத்தேழு வருஷம் இங்கே கிடந்த தமிழ்ச் சங்கத் தலைவர் சேதுபதி, அன்று ராத்திரி விமானத்தில் ஒரேயடியாக ஊர் திரும்புகிறார். அவரோடு எல்லோரும் நிற்கும் கடைசிப் படம், சங்கத்தின் ஆண்டு மலரில் முதல் பக்கம். மலரைக் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறவன் அருள்ராஜ்தான். ஆறு மலரில் ஊரார் பெயரையெல்லாம் கீபோர்டில் தட்டியாயிற்று. ‘படம்’ என்று போட்டு அதற்கு நேரே தன் பெயர் ஒருமுறை வந்துவிட வேண்டும். அதற்காகவே ஃபிலிம் போடுகிற பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றை வாங்கி, ஒரு வாரமாகத் தூங்காமல் புரண்டுகொண்டிருந்தான்.

“போனெல்லாம் இந்தக் கேக் பெட்டியில போடுங்க. ஒரே கேமரா, ஒரே படம்!”

“பெட்டியத் தூக்கிட்டு ஓடிறாதீங்கண்ணே,” என்றான் கார்மேகம். அபுதாபி தாண்டி ருவைஸ் தொழிலாளர் கேம்பிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்தவன்.

பெட்டிக்குக் காவல், அருள்ராஜின் மனைவி பானுமதி.

இந்தக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்கிற வேலை கிடையாது. மேல்மூலையில் ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் நாலு வெள்ளைக் கோடு. கோட்டுக்குள் இருப்பது படத்தில் விழும். கண்ணை ஒட்ட வைத்தால் நாலும் தெரியும். அருள்ராஜால் ஒட்ட வைக்க முடியாது. நடுவில் மூக்குக்கண்ணாடி நின்றது. விற்றவர் அன்றே சொன்னார், “கண்ணாடி போட்டவங்களுக்கு ஓரம் தெரியாது சார்.” கலைக்கு மையம் போதும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

இப்போது மையத்தில் எட்டுப் பேர் தெரிந்தார்கள். நிற்பவர்கள் இருபத்திரண்டு பேர்.

“உள்ள வாங்க. ரெண்டு பக்கமும் உள்ள வாங்க.”

வந்தார்கள்.

“இன்னும் உள்ள!”

“அண்ணே, இதுக்கு மேல உள்ளன்னா தலைவர் விலா எலும்புக்குள்ளதான் போகணும்,” என்றான் கார்மேகம்.

“தம்பி, மாலை நசுங்குது. வெரசா எடு,” என்றார் எங்கிருந்தோ சேதுபதி.

அருள்ராஜ் தலையைச் சாய்த்தான். இடக்கோடு வந்தது, வலக்கோடு போனது. பின்னால் நகர்ந்தால் தெரியும் என்று நகர்ந்தான். கோடுகளும் கூடவே நகர்ந்தன. அழுத்திப் பார்த்தான், கண்ணாடியில் கீச்சென்று கீறல் விழுந்தது. முன்னே போனான், பக்கவாட்டில் போனான், மேஜையில் இடித்துக்கொண்டான். ஹால்காரர் கதவைத் திறந்து “யல்லா, கலாஸ்!” என்று நேரம் முடிந்ததாக விரட்டினார்.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். நாலு கோடும் மங்கலாகவேனும் தெரிந்தன. மனிதர்கள்தான் கரைந்துபோனார்கள். நடுவில் ஒரு மாலை மிதந்தது. வலது ஓரத்தில் மஞ்சளாக ஏதோ நின்றது. ஹால் தூண் என்று விட்டுவிட்டான். ஜன்னல் நடுவே இரண்டாகத் தெரியும் உருவம் ஒன்றாகிற வரை லென்ஸ் வளையத்தைத் திருக வேண்டும், அப்போதுதான் படம் தெளிவாக விழும். அவனுக்கு எல்லாமே நாலைந்தாகத் தெரிந்ததால், குத்துமதிப்பாக ஓரிடத்தில் நிறுத்தினான். டக்.

ஃபிலிம் கழுவி வர ஒன்பது நாள். கடைக்குத் தினம் இரண்டு தடவை போன் போட்டான். படம் வந்த அன்று அதை மேஜையில் வைத்துப் புருஷனும் பெண்டாட்டியும் பார்த்தார்கள்.

கடைசி பஸ்ஸில் தொற்றியவர்கள்போல நடுவில் இருபத்திரண்டு பேர், முகம் தெரியாமல். இரண்டு பக்கமும் பந்தி போடலாம், அத்தனை இடம். வலது ஓரத்தில், கேமராவுக்குப் பக்கத்தில், மஞ்சள் சுடிதாரில் பானுமதி. தோட்டின் கல் வரைக்கும் துல்லியம். கையில் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

“நான் நின்னது தெரியவே இல்லையா?”

“தூணுன்னு நெனச்சேன்.”

“பதினாலு வருஷம் குடும்பம் நடத்தியாச்சு. தூணாம்.”

“போனைப் பெட்டியில போடச் சொன்னேனே?”

“போட்டேன். நீங்க கண்ணாடியக் கழட்டினதும் வெளிய எடுத்துட்டேன்.”

அவள் போனைக் காட்டினாள். இருபத்திரண்டு முகமும் இருந்தன. நசுங்கின நசுங்கலில் எல்லோருக்கும் சிரிப்பு வந்திருந்தது. சேதுபதி மாலையைக் காப்பாற்றியபடி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இதையே மலர்ல போடுங்க.”

“கலைன்னு ஒண்ணு இருக்கு பானு...”

“அத அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

மலர் வந்தது. முதல் பக்கம் முழுக்க அந்தச் சிரிப்பு. பரமக்குடியிலிருந்து சேதுபதி போன் செய்தார். “தம்பி, பெருசாக்கி வீட்டுச் செவுத்துல மாட்டிட்டேன். செல்போன்ல எடுத்தா இப்படி வருமா? அந்தக் கேமராவே தனி.”

“நன்றிண்ணே,” என்றான் அருள்ராஜ்.

படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘படம்: அருள்ராஜ்’ என்று இருந்தது. அதைத் தட்டியவனும் அருள்ராஜ்தான்.