மூன்றாவது நாய் பார்த்த திசை

பிட்ஸ்பர்க்கில் ஓர் ஓவியக்கூடத்தில், வருகிறவர்களுக்குப் படங்களை விளக்கிச் சொல்வது பதினோரு வருடமாக என் வேலை. சம்பளம் கிடையாது, கைதட்டல் உண்டு. அந்தக் கைதட்டலுக்கு நான் அலைந்ததை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆறாவது அறையில் திருமதி லாத்ரப்பின் படம். 1938இல் வரைந்தது. வெள்ளி நிறப் பட்டு உடை, நீண்ட கழுத்து, காலடியில் மூன்று வேட்டை நாய்கள். இரண்டு அவர் முகத்தையே பார்க்கின்றன. மூன்றாவது, தலையைத் திருப்பிப் படத்துக்கு வெளியே பார்க்கிறது.

"பழைய படங்கள்ல நாய்னா விசுவாசம். கல்யாணமான பொம்பளை பக்கத்துல அதுக்குத்தான் நாயை வரைவாங்க," என்று ஆரம்பிப்பேன். "இதுல ஒண்ணு மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு பாருங்க. ஓவியருக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. பாவம், அந்த வீட்டுக்காரர்!"

கூட்டம் கொல்லென்று சிரிக்கும். ஒரு நாளும் தவறியதில்லை.

அந்த வியாழக்கிழமையும் சிரித்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு மூதாட்டி மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் அடுத்த அறைக்கு நகர்ந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"அது என்னைப் பாக்குதும்மா. நான் அவங்க பொண்ணு, மேரியன். அப்ப எனக்கு அஞ்சு வயசு. அந்த நாய் ஒரு இடத்துல நிக்காது. ஓவியர் பக்கத்துல என்னை நிறுத்தி, கையில ஈரல் துண்டு குடுத்திருந்தாங்க."

நான் திரும்பி அந்த நாயைப் பார்த்தேன்.

"எங்கம்மாவைப் பத்தி எங்கயாவது படிச்சீங்களா?"

"இல்லீங்க. நானாதான் சொன்னேன்."

"அப்பா ஒன்பது வருஷம் படுத்த படுக்கை. பக்கத்துலயே இருந்தது அவங்கதான். நாலு பேர் அவங்களைப் பாக்கட்டும்னுதான் இந்தப் படத்தை இங்க குடுத்தேன்."

திட்டியிருந்தாலாவது தேவலை. அவர் குரலை உயர்த்தவே இல்லை. கூசிப்போய் நின்றேன்.

"மன்னிச்சிருங்க. சத்தியமா இனி சொல்ல மாட்டேன்."

"சரிம்மா. அது போதும்," என்று என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்.

அப்போதுதான் பிரெண்டா தன் கூட்டத்தோடு உள்ளே வந்தாள். அவளும் என்னைப் போல விளக்கம் சொல்கிறவள். நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் நாயை நோக்கிக் கையை நீட்டிவிட்டாள்.

"பாவம், அந்த வீட்டுக்காரர்!"

என் வார்த்தை, என் இழுப்பு, நான் நிறுத்துகிற அதே இடம். எல்லோரும் சிரித்தார்கள்.

மேரியன் என் கையை விட்டார்.

"நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"ஆமாங்க. புதுசா வர்றவங்களுக்கு நான்தான் பயிற்சி குடுக்கிறேன்."

"எத்தனை பேருக்கு?"

"பதினாலு பேருக்கு," என்றேன்.