பத்து நிமிஷக் காரியம்

உலகத்தில் இதுவரை தோன்றிய எல்லா மதங்களையும் தீர்ப்பு ஒரே பிற்பகலில் விசாரித்து முடித்துவிட்டான். டீ குடிக்கப் போன நேரமும் அதில் அடக்கம். "மனுஷன் வீட்டுக்குக் கதவு வெச்சான். கதவுக்குத் தாழ்ப்பாள் வெச்சான். தாழ்ப்பாளுக்கு உள்ளே என்ன நடக்குதுன்னு கவலைப்பட வெளியே ஒரு ஆள் வேணுமேன்னு மதத்தையும் வெச்சான்." கல்லூரிக் கலையரங்கில், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் அவன் இதை அறிவித்தபோது கைதட்டலில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. கோப்பை கொடுத்தார்கள். வீடு வருவதற்குள் அதன் கைப்பிடி கழன்றுவிட்டது. அதைப் பற்றி அவன் எங்கும் பேசவில்லை.

தீர்ப்பு என்பது நண்பர்கள் வைத்த பெயர். எதைக் கேட்டாலும் அபிப்பிராயம் சொல்ல மாட்டான், தீர்ப்புதான் சொல்வான். இப்படிப்பட்ட மேதை இரவில் படுத்துக்கொண்டது அக்காவின் துணி வெட்டும் மேசைக்கு அடியில்.

அக்காவுக்குக் கல்யாண உடைகளைத் திருத்தும் தொழில். உடை எடுத்த பிறகு இளைத்துப்போகும் பெண்களையும், நிச்சயம் முடிந்த கையோடு ஊதிவிடும் மாப்பிள்ளைகளையும் நம்பி அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. வெள்ளைக் கவுன், சிவப்புப் பட்டு, தங்கச் சரிகை வைத்த நீள அங்கி என்று எல்லாச் சாமிகளின் கல்யாணமும் அவள் தையல் மெஷினின் ஒரே ஊசிக்கடியில்தான் நகர்ந்தது. அவளுக்கு மட்டும் கல்யாணம் ஆகவில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்யும் ஒருவருடன் ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தாள். அக்கா மாதா கோயிலுக்குப் போகிறவள். அவர் பள்ளிவாசலுக்குப் போகிறவர். அக்காவின் அப்பாவும் அவருடைய அம்மாவும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்: இரண்டு பேருமே அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

கல்லூரி பக்கம் என்று சாக்குச் சொல்லித் தீர்ப்பு மட்டும் அங்கே வந்து ஒட்டிக்கொண்டான்.

லிஃப்ட்காரர் அவனை "மச்சான்" என்றுதான் கூப்பிடுவார். அவன் பதிலுக்கு "லிஃப்ட்காரரே" என்பான். உறவுமுறை என்பது ஊர் குத்துகிற முத்திரை, முத்திரைக்குத் தலைவணங்க மாட்டேன் என்பது அவன் கொள்கை. அவர் பரிமாறும் சோற்றுக்கு அந்தக் கொள்கை குறுக்கே வந்ததில்லை.

தொழுகைக்கு முன் அவர் குழாயடியில் குந்திக் கை, வாய், முகம் என்று ஒவ்வொன்றாகக் கழுவுவார். வலப்பக்கம் முதலில், எல்லாம் மும்மூன்று தடவை. தீர்ப்பு வாசற்படியில் உட்கார்ந்து குத்துச்சண்டை நடுவர் மாதிரி எண்ணுவான்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு. ஏன் லிஃப்ட்காரரே, உங்க கடவுளுக்கு மூணுக்கு மேல எண்ண வராதா?"

"அவருக்கு எல்லாம் வரும் மச்சான். எனக்குத்தான் ஞாபகம் நிக்காது."

"இவ்வளவு தேச்சும் காதுக்குப் பின்னாடி கிரீஸ் அப்படியே இருக்கே!"

"அது தொழில் மச்சம்" என்பார். அக்கா உள்ளேயிருந்து ஈரத்துணியோடு வந்து, காதைத் திருகுவதுபோல் பிடித்துத் துடைத்துவிட்டுப் போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்த அக்கா முக்காட்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: "பூசையில எல்லாரும் நன்மை அப்பம் வாங்க வரிசையில போறாங்கடா. நான் மட்டும் கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கேன். கல்யாணம் ஆகாம ஒருத்தரோட இருக்கிறவ எப்படிப் போறது? பக்கத்துல இருக்கிறவங்க எனக்கு முழங்கால் வலின்னு நெனச்சுக்கிறாங்க. எனக்கு அலுத்துப்போச்சு. ஏதாவது ஒரு வழியில முறையா ஆகட்டும். எனக்குப் போய்க் கேக்க வெக்கமா இருக்கு. உனக்குத்தான் அது கிடையாதே, நீ போய் விசாரிச்சுட்டு வா."

அந்தப் பிற்பகல்தான் தீர்ப்பு உலக மதங்களை விசாரித்த பிற்பகல்.

பாதிரியார் சிரித்த முகமாகத்தான் பேசினார். உடல் என்பது இரவல் கொடுக்கும் பொருள் இல்லை, முழுசாகக் கொடுப்பது, அதனால்தான் முதலில் வாக்கு என்றார். ஆறு மாதம் வகுப்பு உண்டு, வேற்று மதத்தவரை மணக்க மேலிடத்து அனுமதியும் வேண்டும், கிடைத்துவிடும். "அது வரைக்கும் அவங்க அண்ணன் தங்கச்சி மாதிரி இருக்கணும், தம்பி."

"அவர் அக்காவுக்கு அண்ணன்னா எனக்கு யாரு ஃபாதர்? அண்ணனா, மாமாவா?"

பாதிரியார் யோசித்துவிட்டு, "முதல்ல வகுப்புக்கு வரச் சொல்லு" என்றார்.

இமாம் சுற்றி வளைக்கவில்லை. "நிக்காஹ் இல்லாம ஒரே வீட்டுல இருக்கிறது எங்க மார்க்கத்துல பாவம். அதைச் சின்னதாக்கிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா உங்க அக்கா வேதக்காரப் பொண்ணு, பைபிளும் இறைவன் கொடுத்த வேதம்தான். அவங்க மதம் மாறணும்னு கட்டாயம் இல்ல. பொண்ணு பக்கம் அப்பா வரலேன்னா தம்பி நீயே வந்து நில்லு. 'எங்க அக்காவைக் கட்டிக் கொடுக்கிறேன்'னு ஒரு வாக்கியம் சொன்னா போதும். ரெண்டு சாட்சி. பத்து நிமிஷக் காரியம்."

சமநிலை கெட்டுவிடக் கூடாதென்று, சம்பந்தமே இல்லாத இரண்டு இடங்களுக்கும் போனான். கோயில் குருக்கள், "இல்லறம்னா ரெண்டு பேர் சமாச்சாரம் இல்லேப்பா. செத்துப்போனவா, இனிமே பொறக்கப் போறவா எல்லாருக்கும் அந்த ஆத்துல பங்கு உண்டு" என்றார். மொட்டைத் தலைப் பிக்கு, "கல்யாணம் செஞ்சு வைக்கிறது எங்க வேலை இல்லை. ஆசையால யாரையும் நோகடிக்காம இருங்க. அவ்வளவுதான். அதுதான் கஷ்டம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் தீர்ப்பு நான்கு பேரையும் நடித்துக் காட்டினான். பாதிரியாருக்குக் கைகளைக் கோத்துக்கொண்டான். குருக்களுக்கு மூக்கால் பேசினான். பிக்குவுக்குக் கதவைச் சாத்தினான். லிஃப்ட்காரருக்குப் புரையேறியது. அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் கேட்டாள்:

"இமாம் நெசமாவே பத்து நிமிஷம்னா சொன்னாரு?"

"ஆமா. பத்து நிமிஷத்துல முடியுற காரியத்துக்கு எதுக்குக்கா அவசரம்? ஆறு மாசம் ஆகுறதுக்குத்தான் இப்பவே ஓடணும்."

மறுபடியும் சிரிப்பு. லிஃப்ட்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, "உனக்கும் கல்யாண சீசன், தலைக்கு மேல வேலை. இது முடியட்டும்" என்றார். அக்கா தலையாட்டினாள். பிறகு தட்டுகளை அடுக்கினாள். வழக்கத்தைவிடச் சத்தமாக அடுக்கினாள் என்பது தீர்ப்புக்கு நினைவிருக்கிறது. நகைச்சுவையை யாரும் முழுசாக ரசிப்பதில்லை என்று அப்போது வருத்தப்பட்டுக்கொண்டான்.

சீசன் முடிவதற்குள் லிஃப்ட்காரர் முடிந்துபோனார். ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் உச்சியில், மெஷின் அறையில், மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். லிஃப்ட் ஓடவில்லை. அதை ஓட வைக்கத்தான் அவர் மேலே போயிருந்தார். நாலு பேர் அவரைப் படி வழியாகத் தூக்கி இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, டாக்டருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

பள்ளிவாசலுக்குப் பின்னால் இறந்தவர்களைக் குளிப்பாட்டும் அறை இருந்தது. தகரக் கதவு, சாய்வான சிமெண்ட் மேடை, அண்டாவில் தண்ணீர். லிஃப்ட்காரரின் அண்ணன் வந்திருந்தார். அவர்களுடைய அம்மாவும் வந்து ஒரு நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்திருந்தார். அக்கா வெட்டிக்கொண்டிருந்த துணியின் நூல்கள் உடம்பெல்லாம் ஒட்டியிருக்க, நேராக அந்தத் தகரக் கதவை நோக்கி நடந்தாள்.

அண்ணன் குறுக்கே வந்தார். கோபமாக வரவில்லை. அழுது அழுது அவர் கண்ணும் வீங்கித்தான் இருந்தது.

"ஆம்பிளைங்க மட்டும்தாம்மா உள்ள."

"நான் அவருக்கு..." என்று ஆரம்பித்த அக்காவுக்கு அந்த வாக்கியத்தை முடிக்க ஒரு சொல் கிடைக்கவில்லை.

குளிப்பாட்டுகிறவர் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பொண்டாட்டின்னா வரலாம். பொண்டாட்டி குளிப்பாட்ட அனுமதி இருக்கு. வேற பொம்பளைங்க கூடாது."

இமாம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவர் தீர்ப்பைப் பார்த்தார். "அன்னிக்கே சொன்னேனே தம்பி" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தீர்ப்புக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

தீர்ப்பு பேசினான். வாழ்நாளிலேயே நன்றாகப் பேசினான். ஆறு வருஷம் சோறு போட்டவள் யார் என்றான். காய்ச்சலில் விழித்திருந்தவள் யார் என்றான். ஒருவர் உடம்பு யாருக்குச் சொந்தம், ஒரு வாக்கியம் சொல்லாததால் ஆறு வருஷம் இல்லை என்று ஆகிவிடுமா என்றான். யாரும் குறுக்கே பேசவில்லை. எல்லோரும் தலைகுனிந்து மரியாதையாகக் கேட்டார்கள். அவன் முடித்தபோது கைதட்டல் இல்லை. தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

"போதும்டா" என்றாள் அக்கா. "அவரைக் காக்க வைக்காதே."

பக்கத்து நாற்காலி மேல், அவரைச் சுற்றுவதற்கான வெள்ளைத் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அக்கா அதை எடுத்தாள். விரல்கள் தாமாகவே ஓரத்தை மடித்து, தையல் போடும் அகலத்துக்கு நீவின.

"தைக்கக் கூடாதும்மா" என்றார் லிஃப்ட்காரரின் அம்மா. அக்காவிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "தையல் இல்லாம சுத்துறதுதான் எங்க முறை."

அக்கா மடிப்பை விட்டுவிட்டாள். வேலை தெரிந்த இரண்டு கைகளும் அந்தரத்தில் நின்றன.

அந்த அம்மா அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு துணியின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எவ்வளவு நீளம் வேணும்? அவன் என்கூட இருந்தப்போ கொஞ்சம் ஒல்லி."

அக்கா டேப்பைத் தேடவில்லை. தன் நெற்றிக்கு மேல் கையை உயர்த்தி, அவர் உயரத்தைக் காற்றில் தொட்டாள். பிறகு கைகளை விரித்து அவர் தோளின் அகலத்தைக் காட்டினாள். அந்த அளவுக்குள் யாரோ நிற்பதுபோல இருந்தது. அந்த அம்மா துணியை அந்த அளவுக்கு நீட்டினார்.

"நீ அந்தப் பக்கம் இறுக்கிப் பிடி. நான் கிழிக்கிறேன்."

இரண்டு பெண்களும் துணியைக் கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா துணியிலிருந்து பார்வையை எடுக்காமல் தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய். நீ உள்ள போ."

"நானா? நான் என்னக்கா..."

"நீ ஆம்பிளைதானே. காதுக்குப் பின்னாடி கிரீஸ் இருக்கும். அவங்களுக்குத் தெரியாது. எப்பவும் அங்க விட்டுடுவாரு. போய்ப் பாத்துக்கோ."

தகரக் கதவருகில் அவர்கள் அவனை நிறுத்தினார்கள். குளிப்பாட்டுகிறவர் இமாமைப் பார்த்தார், இமாம் அண்ணனைப் பார்த்தார்.

"கழுவுறது நாங்க" என்றார் அண்ணன் கடைசியில். "தண்ணி ஊத்த ஒரு ஆள் வேணும். ஊத்தட்டும்."

"என்ன உறவு?" என்று கேட்டார் குளிப்பாட்டுகிறவர். விசாரணைக்காக அல்ல, உள்ளே வருகிற எல்லோரிடமும் கேட்பதுதான்.

தீர்ப்பு செருப்பைக் கழற்றினான். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினான்.

"மாமா" என்றான். "எங்க அக்கா புருஷன்."

வெளியே துணி கிழிபடும் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது. உள்ளே யாரும் அவனைத் திருத்தவில்லை.

இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரு துணி போர்த்தி அவர் மேடையில் கிடந்தார். குளிப்பாட்டுகிறவர் கை காட்டிய இடத்தில் அவன் ஊற்றினான். முதலில் வலப்பக்கம். பிறகு இடப்பக்கம். சொம்பு அண்டாவில் இடிக்காமல் முகந்தான். ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதில் கற்பூரம் கலந்த தண்ணீர்.

"ஆச்சு" என்று குளிப்பாட்டுகிறவர் துண்டை எடுத்தார்.

தீர்ப்பு குனிந்து காதை மெல்ல மடித்துப் பார்த்தான். கறுப்பு அப்படியே இருந்தது.

"இங்க இன்னும் போகல. இன்னொரு தடவை ஊத்தலாமா?"

"ஒத்தைப்படையாத்தான் முடிக்கணும் தம்பி. மூணு பத்தலேன்னா அஞ்சு. நாலுல நிறுத்தக் கூடாது."

அந்த வாக்கியத்தை வைத்து அரைமணி நேரம் அரங்கைச் சிரிக்கவைத்திருக்கலாம். தீர்ப்பு, "சரிங்க" என்றான்.

அண்ணன் காதை விலக்கிப் பிடித்துக்கொண்டார். குளிப்பாட்டுகிறவர் தேய்த்தார். நான்காவது சுற்றில் கறுப்பு சாம்பல் நிறமாயிற்று. தீர்ப்பு அண்டாவிலிருந்து நிறைய முகந்துகொண்டு, மறுபடி வலப்பக்கத்துக்கு வந்தான். எண்ணிக்கை தவறிவிடக் கூடாதென்று, வெளியே கேட்காத குரலில், "அஞ்சு" என்று சொல்லிக்கொண்டே ஊற்றத் தொடங்கினான்.