ஒன்றைக் கழித்தால்

“ஆயிரத்து ஒன்பதை எதால வகுக்கலாம்மா?”

டிரில் மாஸ்டர் என்னிடம்தான் கேட்டார். தையல்கடையில் நான் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். பள்ளி விளையாட்டு விழாவில் ஆயிரத்து ஒன்பது பிள்ளைகளும் ஒரே கட்டமாக, வரிசைக்கு வரிசை சமமாக நிற்கவேண்டும். மூன்று நாளாக எப்படி நிறுத்தினாலும் கடைசி வரிசை பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறதாம்.

“எட்டாவதோட நின்னவ சார்” என்றார் கடைக்காரர். “ஆனா கணக்குல புலி. என்ன, வாயைத் தொறந்தாத்தான் முத்து உதிர்ந்துடும்.”

எனக்குக் காது சுட்டது. துணி வெட்ட வைத்திருந்த காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன். முப்பத்தொன்று வரை போனால் போதும். முப்பத்திரண்டை முப்பத்திரண்டால் பெருக்கினாலே ஆயிரத்து இருபத்து நான்கு, தாண்டிவிடும். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு... எதால் வகுத்தாலும் மீதி விழுந்தது. பகா எண். பேச வராமல் எழுதி நீட்டினேன்: ‘எதாலும் முடியாது. ஒன்றைக் கழித்தால் ஆயிரத்து எட்டு. இருபத்தெட்டு வரிசை, வரிசைக்கு முப்பத்தாறு பேர்.’

“அடி சக்கை!” என்று காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் தங்கை பையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தாள்.

“ஒரு ஆள் அதிகமாம்க்கா. கடைசியா சேர்ந்தவ நாந்தானாம். ‘நீ போய் தண்ணி பாட்டிலுக்குக் காவல் இரு’ன்னுட்டார்.”

ஒரு மாதமாக வீட்டுக்குள் நடக்கும்போதுகூட ஒன்று, இரண்டு என்று கைவீசிக்கொண்டிருந்தவள். கழிக்கப்படும் அந்த ஒன்று யார் என்று நான் யோசிக்கவே இல்லை. அவளிடம் சொல்லவும் துணிவில்லை.

பெட்டிக்கடியில் ஒளித்து வைத்திருக்கும் நோட்டை எடுத்தேன். வகுபடாத எண்ணை வேறெப்படி உடைப்பது? சதுரம் சதுரமாகக் கழித்துப் பார்த்தேன். இருபத்தெட்டு இருபத்தெட்டு எழுநூற்று எண்பத்து நான்கு. மீதி இருநூற்று இருபத்தைந்து. அது பதினைந்து பதினைந்து! இரண்டே சதுரம், ஒருவரும் மிச்சமில்லை.

காலையில் தங்கையின் கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துப்போனேன்.

“சார்... ரெண்டு சதுரமா நிறுத்தலாம் சார். எல்லாரும் வந்துடுவாங்க.”

மாஸ்டர் நோட்டை வாங்கி நிதானமாகப் பார்த்தார். “கணக்கு சரிதாம்மா. ஆனா மாடிலேருந்து படம் எடுக்குறாங்க. ஒரே கட்டமா இருக்கணும்னு மேலிடத்து உத்தரவு. நான் என்ன பண்ணட்டும்?” பிறகு சிரித்தார். “அதுவுமில்லாம, ஒண்ணைக் கழிக்கச் சொன்னதே நீதானே?”

திரும்பிப் பார்த்தேன். தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பிடியிலிருந்த விரல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டாள். வாசலைப் பார்த்து நடந்தாள்.