இடது சக்கரத்தில் இல்லாத மஞ்சள் கோடு

கோர்மக்கின் கார் வியாழக்கிழமை சாலைத் தகுதிச் சோதனையில் தேறியது. தேறிய கார் வேறு, அவன் ஓட்டும் கார் வேறு. எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லோரும் செய்வதுதான் இது. சோதனைக்கு முன் கம்பெனி ஸ்பிரிங்கையும் பழைய சைலன்சரையும் போட்டு, காரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலத் தலைவாரி அனுப்புவார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் மறுபடி குட்டை ஸ்பிரிங், அகலச் சக்கரம், உறுமும் புகைக்குழாய்.

கோர்மக் என் தம்பி. மீன் பதனிடும் ஆலையில் வேலை. அம்மா கடைக்குப் போய்வந்த பழைய சின்ன ஹேட்ச்பேக்கைக் கேட்டு வாங்கி, எஞ்சினின் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்து வேறு எழுதவைத்து, ஏற்றத்தில் பெரிய கார்களை முந்துகிற மாதிரி ஆக்கிவிட்டான். நான் செவ்வாய்க்கிழமை மாலைகளில் தொழிற்கல்லூரியில் கார் பழுதுபார்க்கப் படிக்கிறேன். இந்த முறை ஸ்பிரிங் மாற்றுவதை நான் செய்கிறேன் என்று கேட்டேன். நீ ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டுப் பத்துத் தடவை தொட்டுப் பார்ப்பாய், அதற்குள் பொழுது போய்விடும் என்றான். பிறகு சரி என்றான்.

என் பழக்கம் அதுதான். முறுக்கி முடித்த போல்ட்டின் மேல் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பேன். பின்னால் போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். வகுப்பில் சொன்னார்கள். மற்றவர்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள், நான் விடவில்லை.

சோதனைக்காகக் கழற்றியபோது எல்லாம் நிதானமாக நடந்தது. சனிக்கிழமை காலை திரும்பப் பூட்டும்போதுதான் அவசரம். அன்று கோர்மக்கும் நண்பர்களும் கூட்டமாகக் கார்களில் மாமோர் மலைக் கணவாய் ஏறி, அந்தப் பக்கம் கடற்கரைக்கு இறங்குவதாக இருந்தது. ஷெட்டின் தகரத்தில் மழை. வெளியே கோர்மக்கின் நண்பன் மனஸ் கதவை விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். வலது முன்சக்கரத்தை முடித்து இடதுக்குப் போனேன். நான் நிமிர்வதற்குள் கோர்மக் காரைத் தூக்கியிருந்த ஜாக்கை இறக்கிவிட்டான். மனஸும் இன்னும் இரண்டு பேரும் ஏறிக்கொள்ள, கார் கிளம்பிப் போனது.

ஷெட்டைக் கூட்டும்போது பேனா கிடைத்தது. வலது சக்கரம் இருந்த இடத்தில், துணிக்கடியில் கிடந்தது. அப்படியானால் இடது பக்கத்துக்கு நான் அதைக் கொண்டுபோகவே இல்லை. அங்கே கோடு கிடையாது. கோடு இல்லை என்றால், முறுக்கினேனா?

ஸ்பிரிங்கைச் சுமந்து சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் காலைப் பிடித்திருப்பவை அங்கே உள்ள இரண்டு போல்ட்டுகள்தான். கணவாயின் இறக்கத்தில் காரின் எடை முழுக்க முன்னால் சாயும். அதுவும் நான்கு பேருடன்.

போன் செய்தேன், எடுக்கவில்லை. அம்மாவிடம் அவளுடைய இப்போதைய காரின் சாவியைக் கேட்டேன்.

"அடுப்ப அணைச்சேனான்னு பாதி வழியில திரும்பி வந்தவதானடி நீ. அணைச்சுத்தானே இருந்துச்சு?"

நான் கையை நீட்டியபடியே நின்றேன். சாவியைக் கொடுத்துவிட்டு, மெதுவாகப் போ என்று மட்டும் சொன்னாள்.

உச்சியில் எப்போதும் நின்று படம் எடுப்பார்கள். அதை நம்பித்தான் ஓட்டினேன். நின்றிருந்தார்கள். மூடுபனிக்குள் வரிசையாகக் கார்கள், சிப்ஸ் வாசனை. என்னை முதலில் பார்த்தவன் மனஸ்.

"வந்துருச்சுடா செக்போஸ்ட்டு. எல்லாரும் லைசென்ஸ எடுத்து வச்சுக்குங்க."

கோர்மக் சிரிக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்க. வீட்ல போய் வச்சுக்கலாம்."

"ஒரு சக்கரம்தான்டா."

"டைட்டா இருந்துச்சுன்னா?"

"அப்புறம் உன் காரத் தொடமாட்டேன்."

நான் அதைச் சொல்லத் திட்டமிட்டிருக்கவில்லை. சொன்ன பிறகு திரும்ப எடுக்கவும் முடியவில்லை. அவன் ஜாக்கை எடுத்துக் கொடுத்தான்.

சக்கரத்தைக் கழற்றினேன். நினைத்தது போலவே மஞ்சள் கோடு இல்லை. ஸ்பேனரைப் போட்டு அழுத்தினேன். முதல் போல்ட் அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. மனஸ் மெதுவாகக் கைதட்டினான். யாரோ சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, இனி செவ்வாய்க்கிழமைகளில் எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவேன் என்றுதான் யோசித்தேன்.

கோர்மக் சக்கரத்தைத் திரும்ப மாட்டக் குனிந்தான். மாட்டவில்லை.

"அக்கா, இது ஏன் தொங்குது?"

பிரேக் ஹோஸ். பிரேக் எண்ணெய் போகும் ரப்பர்க் குழாய். தாங்கும் காலில் உள்ள கொக்கிக்குள் அமர்ந்திருக்க வேண்டியது, வெளியே வளைந்து கிடந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த அகலச் சக்கரம் அதை உரசியிருக்கிறது. கோர்மக் விரலால் அழுக்கைத் துடைத்தான். ரப்பர் தேய்ந்து உள்ளேயிருந்த நூல் தெரிந்தது.

ஹோஸைப் பற்றி எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. கொக்கியில் அது போய் அமர்ந்த சத்தம்கூட நன்றாக நினைவிருந்தது. அது வலது சக்கரத்தில் கேட்ட சத்தம்.

"மாட்டாம விட்டது நான்தான்," என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

யாரும் கைதட்டவில்லை. மனஸ் பனிக்குள் செங்குத்தாக இறங்கும் சாலையைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த சிப்ஸ் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

கோர்மக் கழற்றிய சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"வேற எதுலயாச்சும் சந்தேகம் இருக்கா?"

மனதுக்குள் வரிசையாகப் பார்த்தேன். பின் ஸ்பிரிங்குகள், வலது சக்கரத்தின் கால், சக்கர நட்டுகள்.

"இல்லடா."

சொன்னதும், ஹோஸிலும் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை என்பது உறைத்தது. அவனும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும்.  எழுந்து ஸ்பேனரை என் கையில் வைத்தான்.

"இழுத்துட்டுப் போற வண்டிக்குச் சொல்லிட்டு வரேன். அதுக்குள்ள சந்தேகமே இல்லாததயெல்லாம் கழட்டிப் பாரு."

வலது சக்கரத்தைக் கழற்றினேன். ஹோஸ் கொக்கிக்குள் இருந்தது. மஞ்சள் கோடுகள் இரண்டும் விலகாமல் நேராக இருந்தன. ஆனாலும் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினேன்.